பொன்வண்டை இறக்கமாட்டேன்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலம், உன் அம்மா நலம், என் இடது கட்டைவிரல் மட்டும் நலமில்லை, மெத்தை தைக்கும் ஊசி நகத்துக்குள் ஏறிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறேன், பயப்படாதே. நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. நான் படித்தேன், அம்மாவும் படித்தாள். படித்துவிட்டு அவள் ஜாம் பாட்டில்களைக் கழுவப் போய்விட்டாள். நான் அப்படி வாயை மூடிக்கொண்டு போகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன், அதனால்தான் கடிதம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று பட்டறையிலேயே ஒரு சோபாக் கையின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கல்யாண மேடைக்கு மேலே உனக்குப் பிடித்த தொடரில் வரும் பொன்வண்டு வேண்டாம், மேஜைகளில் பாட்டில் விளக்கு வேண்டாம், நாற்காலி உறையில் விளக்குச் சின்னம் வேண்டாம், வெறும் பூ போதும், "எனக்காக நீங்க யாரோடயும் சண்டை போடாதீங்கப்பா, யோசிச்சுப் பார்த்தா இதெல்லாம் சின்னப்பிள்ளைத்தனம்தான்" என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடைசி வார்த்தை உன்னுடையது இல்லை, சிட்டு. இது என் அக்காவின் வார்த்தை. உன் அத்தை தன் மருந்துக்கடையில் உட்கார்ந்துகொண்டு இருமலுக்கு ஒன்று காய்ச்சலுக்கு ஒன்று என்று கொடுப்பதுபோல உனக்கும் போனில் ஒரு வேளை மருந்து கொடுத்திருக்கிறாள், நீயும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருக்கிறாய். பட்டறைக்கும் வந்தாள். நான் செய்து மேலே தொங்கவிட்டிருக்கும் வண்டைப் பார்த்துவிட்டு மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டாள், ஏதோ அது நாறுகிற மாதிரி. "கல்யாண மேடையில பூச்சியைத் தொங்கவிட்டா நாலு பேர் சிரிக்கமாட்டாங்களாடா" என்றாள். சிரிக்கத்தானே அக்கா கல்யாணத்துக்கு வர்றாங்க, அழவா வர்றாங்க என்றேன். இந்தப் பூச்சி இருக்கிற மண்டபத்தில் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா, உனக்கு முதல் வரிசையிலே நாற்காலி போட்டு வைப்பேன், நீ வரலேன்னா அது காலியா இருக்கும், ஆனா வண்டு மேலே இருக்கும் என்று பின்னாலேயே போய்த் தெருவில் நின்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. எனக்கு இருப்பது ஒரே அக்கா, அவள் சொல்லை நான் தட்டியது இதுதான் முதல் தடவை. சோறு இறங்கவில்லை, அது உண்மை. ஆனால் வண்டையும் இறக்கவில்லை.

ஏன் என்று கேட்பாயானால் சொல்கிறேன். வேற்று ஊரில் ஒரு கேன்டீனில் முன்பின் தெரியாத இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். உன் பையில் குத்தியிருந்த விளக்குச் சின்னத்தைப் பார்த்து, நீங்களும் அந்தத் தொடர் பார்க்கிறீங்களா என்று மாப்பிள்ளை கேட்டார், தட்டில் சாப்பாடு ஆறிப்போகிற வரை பேசினீர்கள் என்று நீதானே சொன்னாய்? நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய் விளக்கேற்றுகிறவர்கள் ஒரு பெரிய பொன்வண்டின் முதுகில் ஏறிப் போகிற கதை எனக்கு என்ன புரிந்தது என்று கேட்காதே, நீ அனுப்பிய மூன்று பகுதியிலும் பாதியிலேயே தூங்கிவிட்டேன். ஆனால் ஒன்று புரிந்தது. இந்தக் கல்யாணத்துக்குத் தரகர் இந்த வண்டுதான். எங்களால் முடியாததை அது முடித்து வைத்தது. தரகரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே விருந்து சாப்பிடுகிற குடும்பமா நாம்?

சரி, பட்டறைச் செய்தியைக் கேள். கார் சீட்டுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த மயில்பச்சை ரெக்ஸின்தான் உடம்பு, வெயில் பட்டால் ஊதாவாக மின்னுகிறது. உள்ளே மூங்கில் பத்தை வளைத்து ஃபோம் ஒட்டியிருக்கிறேன். கால்களுக்குப் பழைய குடைக்கம்பி, மீசைக்கு சைக்கிள் பிரேக் ஒயர், கண்ணுக்கு இரண்டு டீ வடிகட்டி. வடிகட்டி எங்கே என்று உன் அம்மா வீடு முழுக்கத் தேடினாள், கடைசியில் அவை மேலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது நாங்கள் டீயைத் தூளோடு குடிக்கிறோம். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள்தான் நான், ஆனால் வண்டுக்கு ஆறு கால், அதில் விட்டுக்கொடுக்கவில்லை. உன் அம்மாவோ தான் வேலை பார்க்கும் தபால் அலுவலகத்துக்கு ஸ்டாம்ப் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் வீட்டில் காலி பாட்டில் இருக்கா என்று கேட்கிறாள். கவுன்ட்டருக்குக் கீழே கடிதப் பைகளோடு பாட்டில்களும் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே வண்ணத்தாள் ஒட்டி, கழுத்தில் கம்பி சுற்றி, தொடரில் வருவதுபோலவே கைப்பிடி வைத்திருக்கிறாள். மேலதிகாரி கேட்டதற்கு, மக கல்யாணம் சார், நீங்களும் ரெண்டு பாட்டில் கொண்டாங்க என்றாளாம். அவரும் கொண்டுவந்தார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன், நிதானமாகப் படி. உன் அத்தை சம்பந்தியையும் விட்டுவைக்கவில்லை, அவருக்கும் போன் போட்டிருக்கிறாள். அவரோ டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், சும்மா நலம் விசாரித்தாலே பிரேக்கை மிதி என்று சொல்வதுபோல இருக்கும். திடீரென்று பட்டறை வாசலில் வந்து நின்றார். நான் மேலே ஏணியில் இருந்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான், ஆனால் சம்பந்தி வாய் வேறு, அவர் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று பயந்துவிட்டேன். அதை மறைக்க, என்ன சொன்னாலும் கழற்றமாட்டேன் என்று மேலே இருந்தபடியே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். லைசென்ஸ் டெஸ்டில் வண்டியைச் சுற்றிப் பார்ப்பார்களே, அப்படி. பிறகு முகத்தைச் சுளித்து, "என்னங்க இது, இறக்கையை மூடி வெச்சிருக்கீங்க? விளக்கேத்துறவங்கள்ல யாராவது செத்துட்டாத்தானே அது இறக்கையை மூடும்? கல்யாணத்துக்குப் போய் மூடி வெப்பாங்களா? வீடு வந்து சேர்ந்தா விரிச்சுதானே நிக்கும்" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது. நான் ஏணியிலிருந்து இறங்கி ஸ்டூலைத் தட்டிப் போட்டேன். அவர் உட்கார்ந்தார். எல்லாப் பகுதியும் பார்த்திருக்கிறார், சிட்டு, சிலதை இரண்டு முறை. "பையன் போன்ல சாப்பிட்டேன், தூங்கினேன், வெச்சிடறேன்பான். அவன் எதுக்குச் சிரிக்கிறான், எதுக்கு அழறான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? அதான் பார்க்க ஆரம்பிச்சேன்" என்றார். எங்கே பார்த்தார் தெரியுமா? பாடம் இல்லாத நேரத்தில், நிறுத்தி வைத்த காரில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். சரி என்றேன். இப்போது சொல்லிவிட்டேன். இதையெல்லாம் மறைப்பதற்கு இது என்ன திருட்டா? மாப்பிள்ளையிடம் இன்றைக்கே சொல். உங்கப்பா காருக்குள் உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்து அழுதிருக்கிறார் என்று சொல். சம்பந்தி என்மேல் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இறக்கை விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். உன் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் அளவெடுத்தேன், அதில் மூடித்தான் இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று ஒட்டினாய், அது இழவு வீட்டுப் படம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அதோடு எங்கள் தொழிலில் எதுவும் திறந்து கிடந்தால் அது கிழிசல். இழுத்து மூடி, தையல் தெரியாமல் முடித்துக் கொடுத்தால்தான் நல்ல வேலை. முதுகு நடுவில் மேலிறக்கை ஓடு இரண்டும் சேரும் இடத்தில் ஒரு நூல்கூட வெளியே தெரியாது, அத்தனை சுத்தமாக முடித்திருந்தேன். அதைத்தான் சம்பந்தி ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் கத்தரியால் பிரித்தேன். வெட்டும்போது நெஞ்சு வலித்தது. இரண்டு பக்கமும் மூங்கில் கொடுத்து ஓட்டைத் தூக்கி நிறுத்தியாயிற்று, கீழே உள்ளிறக்கைக்குச் சட்டமும் கட்டியாயிற்று. உன் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது. நீ கழற்றச் சொல்கிறாய், நான் இப்போதுதான் விரித்து முடித்தேன்.

நாற்காலிக்கும் சோபாவுக்கும் உறை தைத்தே காலத்தை ஓட்டினவன் நான். துணி அவர்கள் எடுத்தது, நிறம் அவர்கள் சொன்னது, நான் நன்றாக இல்லை என்று நினைத்தாலும் வாயைத் திறந்ததில்லை. உனக்குப் பிடித்த ஒன்றை நானே என் கையால் இந்தப் பட்டறையில் செய்கிறேன், இதில் எனக்கு யார் உத்தரவும் வேண்டாம், உன் உத்தரவும் வேண்டாம். நீ அங்கே தனியாக இருந்த நாட்களில் உன்னைத் தூக்கி நிறுத்தியது எதுவோ அது எனக்குச் சொந்தக்காரன் மாதிரி. நாலு பேருக்குப் பயந்து அதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று இன்றைக்குச் சொன்னால், நாளைக்கு அந்த நாலு பேர் வேறு எதையாவது சொல்வார்கள், அதையும் கழற்றிப் போடுவாய். அந்தப் பழக்கம் உனக்கு வேண்டாம். இது ஒன்றுதான் உனக்கு அப்பாவின் புத்திமதி, மற்றபடி வெந்நீர் குடி, செருப்பு தேய்ந்திருந்தால் மாற்று.

இறக்கை விரித்ததில் ஒரு சங்கடம், வண்டு இப்போது பட்டறைக் கதவில் நுழையாது. சம்பந்தி டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் சாய்த்தாலும் வராது, மண்டபத்துக்குக் கொண்டுபோகும்போது மட்டும் இறக்கையை மடக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். கதவைக் கழற்றப் போகிறேன். நிலையையும் பெயர்க்கப் போகிறேன். தச்சரிடம் சொல்லியாயிற்று. என் மகளுக்காக விரித்ததை எவருக்காகவும் மடக்கமாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் மனம் நிறைந்து, யார் முன்னாலும் குனியாமல், நீடூழி வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. உள்ளிறக்கைக்கு மெல்லிய சல்லாத்துணி எடுக்க வேண்டும். சம்பந்தி செம்பு நிறம் என்கிறார், அம்மா தானும் உட்கார்ந்து தொடரைப் பார்த்துவிட்டு ஆரஞ்சு என்கிறாள், இரண்டு பேரும் சண்டை. வண்டு வேண்டுமா வேண்டாமா என்று எழுதாதே, நிறத்தை மட்டும் எழுது.

இப்படிக்கு,
கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்
உன் அப்பா