மழையில் மாற்றிய குஞ்சுகள்

ஜூன் 9, திங்கள்

ஷிப்ட் முடிந்து செம்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் வீட்டுக்குள் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. மேலே கயிற்றில் தொங்கும் பல்பு. உள்ளே இருபத்தைந்து கோழிக்குஞ்சுகள், பிறந்து ஒரு நாள்தான் ஆகிறதாம். என் வீட்டுக்காரர் ஜாபெஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

"நாட்டுக்கோழி, சுஜா. ஆறு மாசத்துல முட்டை வைக்கும்."

ஆண்டாப் ஹில்லில் நாங்கள் இருப்பது ஒரே அறை. அதில் நான், அவர், மகள் ஜெனி, ஜெனியின் பதினோராம் வகுப்புப் புத்தகங்கள். இனி இதுகளும். தாணேயில் அந்த மறுவாழ்வு சென்டரிலிருந்து அவர் வந்து ஏழு வாரம் ஆகிறது. ஏழு வாரமாகக் குடிக்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது இதுதான் போல.

கால் வலிக்கிறது. ஒன்பது வார்டுக்கும் இன்று நான் ஒருத்தியே ஆயா.

ஜூன் 10

இடைவிடாமல் கீச்சு கீச்சு. தூக்கம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

அவர் கவனமாகத்தான் பார்க்கிறார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். குஞ்சுகள் பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டினால் குளிர் என்று அர்த்தமாம். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு அதிகமாம். அதைப் பார்த்துப் பார்த்துப் பல்பை ஏற்றுகிறார், இறக்குகிறார். நான் குளித்துவிட்டு வரும்போது கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்படித்தான் ஆட்டோ ஓட்டும்போதும் இருந்தார். முதல் மாதம் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அப்புறம் மொபைல் ரிப்பேர். அப்புறம் டீக்கடை. எல்லாம் ஒரே மாதிரிதான் முடிந்தது. யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள், சாக்கடை நாலாவோரம் விழுந்து கிடக்கிறார் என்று. நானும் ஜெனியும் போய்த் தூக்கி வருவோம்.

நம்புவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. கோபம் கூட இல்லை, தெம்புதான் இல்லை.

ஜூன் 18, புதன்

ஜெனிக்கு மறுபடி இழுப்பு. பெட்டிக்குள் போடும் மரத்தூள்தான் காரணமாக இருக்கும். நெபுலைசரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "மம்மி, இதுங்கள டாடிகிட்ட வெளியே வைக்கச் சொல்லு. ஸ்மெல் தாங்கல" என்கிறாள். அவரிடம் அவளே சொல்ல மாட்டாள். சின்ன வயசிலிருந்தே எல்லாவற்றுக்கும் நான்தான் நடுவில்.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வரும்போது காசிம் பாய் வழியில் நிறுத்தினார். பழைய மரப்பெட்டி கோடவுன் வைத்திருக்கிறார், மேலப்பாளையத்துக்காரர். கோடவுனுக்குப் பின்னால் உள்ள இடத்தைக் கூண்டு வைக்க ஜாபெஸுக்குக் கொடுத்திருக்கிறாராம். "தங்கச்சி, அவன் கூண்டு அடிக்கிற அழக வந்து பாரு. குர்லா வொர்க்‌ஷாப்புல இருந்த கை இன்னும் போகல."

போய்ப் பார்த்தேன். பெட்டிப் பலகையில் கூண்டு, மேலே தகரம். பெருச்சாளி நுழையாதபடி சின்னக் கண்ணியில் கம்பி வலை. தினமும் மதியம் ஒரு மணி நேரம் குஞ்சுகளை அங்கே விட்டு, திரும்ப வீட்டுக்குக் கொண்டு வருகிறார். வெளிக்காற்று பழகவாம்.

நல்ல கூண்டு. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

சண்டை.

நாளைக்கே குஞ்சுகளை வெளியே கொண்டுபோங்கள் என்றேன். மூன்று வாரம்தான் ஆகிறது, நெஞ்சில் இன்னும் இறகு வரவில்லை, அங்கே கரண்ட் இல்லை, பல்பு இல்லாமல் தாங்காது என்றார்.

"இன்னும் ரெண்டு வாரம் பொறு சுஜா. பகல்ல பல்ப அணைச்சு அணைச்சுப் பழக்கணும்."

"நான் பொறுக்கது பத்தாதா? நாளைக்கு விட்டுருவேன், அடுத்த வாரம் விட்டுருவேன்னு பதினாறு வருசம் பொறுத்தாச்சு. பிள்ள மூச்சு விட முடியாம கெடக்கா."

ஜெனி புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 29, ஞாயிறு

கொண்டுபோய் விட்டாயிற்று. கூண்டுக்குள் உமி பரப்பி, சுற்றிலும் சாக்கு கட்டினார். நானும் பெட்டியின் ஒரு பக்கம் பிடித்தேன். குஞ்சுகள் இறங்கியதும் நடுவில் கும்பலாக நின்றன, எங்கே போவது என்று தெரியாத மாதிரி. எல்லாம் அண்ணாந்து பார்த்தன. பல்பைத்தான் தேடின என்று நினைக்கிறேன்.

வீடு முழுக்கக் கழுவிவிட்டேன். ஐந்து மணியிலிருந்து மழை.

ஜூன் 30, திங்கள்

ஒன்பது செத்துப்போயின.

காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அவரோடு நானும் போனேன். மேற்கிலிருந்து சாரல் அடித்துச் சாக்கு முழுக்க நனைந்து தொங்கியது. எல்லாம் ஒரு மூலையில் மலை மாதிரி குவிந்து கிடந்தன. மேலே இருந்தவை உயிரோடு. அடியில் இருந்தவை நசுங்கி, தட்டையாக. அவர் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். எழுந்திருக்காததைத் தனியே வைத்தார். சேற்றில் அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார்.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

நான் பஸ் பிடிக்கப் போய்விட்டேன். போகாமல் என்ன செய்வது, லீவு இல்லை.

மூன்றரைக்குத் திரும்பி வந்தேன். வீடு பூட்டியிருந்தது. போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். காசிம் பாயிடம் கேட்டேன். மிச்சக் குஞ்சுகள் அவர் ஆபீஸ் மேசைக்குக் கீழே, டேபிள் லாம்ப் வெளிச்சத்தில் இருந்தன. "இதுகளப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டு எட்டு மணிக்கே போனான் தங்கச்சி. எங்கேன்னு சொல்லல."

எனக்குத் தெரியும் எங்கே என்று. அப்படித்தான் நினைத்தேன். நாலாவோரம் ஒரு முறை போய்ப் பார்த்தேன். ஸ்டேஷன் பக்கத்துக் கடை வரைக்கும் நடந்தேன். மழையில் குடை திருப்பிக்கொண்டது. அழுகை வரவில்லை. சரி, இதுவும் முடிந்தது, இனி எதிர்பார்க்க ஒன்றும் இல்லை — அப்படி நினைத்ததும் ஒரு மாதிரி நிம்மதி வந்தது. சீ. நிம்மதியா? எழுதும்போது கை கூசுகிறது.

ஆறு மணிக்கு வந்தார். தொப்பலாக நனைந்து, தோளில் ஒரு தார்ப்பாய்ச் சுருள், கையில் நீளமான ஒயர். குர்லாவில் பழைய வொர்க்‌ஷாப் நம்பிராஜனிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். போனுக்குள் தண்ணீர் போய்விட்டதாம்.

நான் வாசலை விட்டு நகரவில்லை. அவர் முகத்துக்குப் பக்கத்தில் என் முகத்தைக் கொண்டுபோனேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தார்ப்பாயைக் கீழே வைத்தார். வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விட்டார்.

"பாத்துக்கோ."

டீ வாசனை. மழை வாசனை. வேறொன்றும் இல்லை.

ஜெனி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

கேட்டுவிட்டேன். "நான் சொன்னதாலதான் செத்துப்போச்சு. என்னத்துக்கு ஒண்ணுமே சொல்லாம இருக்கீங்க?"

பல்பைக் கட்டிக்கொண்டே பேசினார். பெட்டி மறுபடி வீட்டுக்குள், இந்த முறை மரத்தூள் இல்லை, செய்தித்தாள். "நீ சொன்ன, நான் தூக்கிட்டுப் போனேன். வேண்டாம்னு நின்னிருக்கணும். எனக்கு நின்னு பழக்கமில்ல சுஜா."

பல்பு ஆடாமல் இருக்க நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும். ஜெனியின் இழுப்புக்காக மட்டும் நான் அவசரப்படுத்தவில்லை. எப்படியும் இது பாதியில் போகத்தான் போகிறது, சீக்கிரம் போகட்டும் என்று இருந்தது. காத்திருப்பதுதான் முடியவில்லை.

ஜூலை 3

இன்னொன்றும் போய்விட்டது, அன்று நசுங்கியதில் காலை இழுத்துக்கொண்டே இருந்தது. பதினைந்து.

ஜூலை 7, திங்கள்

பகலில் பல்பு கிடையாது. மழை விட்டால் மதியம் கூண்டில் விடுகிறார். இன்று அவர் ஆணி வாங்கப் போனதால் நான் போய் அழைத்து வந்தேன். கூடைக்குள் கை விட்டால் கொத்துகிறதுகள். நெஞ்சில் இறகு வந்திருக்கிறது, கையில் தட்டுப்படுகிறது.

ஜெனி வாயில் துணி கட்டிக்கொண்டு படிக்கிறாள். புகார் இல்லை.

ஜூலை 10

பல்பே இல்லாமல் மூன்றாவது நாள். ஒண்டவில்லை, பரவலாகப் படுத்திருக்கின்றன.

ஜூலை 13, ஞாயிறு

இன்று மறுபடி மாற்றினோம். ஐந்து வாரம் முடிந்துவிட்டது. கூண்டை நாலு செங்கல் உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார். மேற்குப் பக்கம் முழுக்கத் தார்ப்பாய். குளிர்ந்தால் இருக்கட்டும் என்று காசிம் பாய் கோடவுனிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பல்பும்.

"இன்னிக்குக் கொண்டுபோலாமா?" என்று என்னிடம் கேட்டார். உங்களுக்குத்தான் தெரியும் என்றேன். வானத்தைப் பார்த்தார், ஒரு குஞ்சைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார், "போலாம்" என்றார்.

இருட்டுவதற்கு முன் நான்கு குஞ்சுகள் கூண்டுக்குள் இருந்த குறுக்குக் கம்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. யாரும் சொல்லித் தரவில்லை.

ஜூலை 14, திங்கள்

மழை. பதினைந்தும் இருக்கின்றன. எண்ணிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஜூலை 20, ஞாயிறு

தாணே சென்டரிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வந்திருப்பவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டுமாம். பத்து மணிக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தனியாகப் போனார். நானும் வரட்டுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஜெனி சிநேகிதி வீட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள்.

குஞ்சுகளுக்குத் தீனி வைத்தேன். தண்ணீர் மாற்றினேன். மீன் குழம்பு வைத்து மூடினேன். ஒரு மணி வாக்கில் சும்மா முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்தேன்.

கண் விழித்தபோது மணி ஐந்தரை. அவருடைய சட்டை கொடியில் தொங்குகிறது. சாப்பிட்ட தட்டு கழுவி வைத்திருக்கிறது. அவர் வாசல்படியில் உட்கார்ந்து தீனித் தட்டுக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருக்கிறார்.

"எப்ப வந்தீங்க?"

"மூணு மணிக்கே வந்துட்டேன். நல்லாத் தூங்குன."

பதினாறு வருசமாக அவர் வரும்வரை கதவுச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடியே படுத்திருந்தவள் நான். இன்று கதவு திறந்தது, நடந்தது, சாப்பிட்டது, ஒன்றுமே எனக்குத் தெரியவில்லை.