நெஞ்சில் ஒட்டிய தாள்

அக்கா, இன்று காலை தோட்டத்து டிஸ்பென்சரியில் என் நெஞ்சை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் முகம்தான் வந்தது.

எனக்கும் படபடப்பு இருக்கிறதாம். உங்களுக்கு ஒட்டிய அதே மாதிரித் தாள். வெங்காயத்தோல் போல மெல்லிசு, உள்ளே மயிரிழைக் கம்பிகள். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் தோலோடு சேர்ந்து வளைகிறது. நெஞ்சுத் துடிப்பைப் பிடித்துப் போனுக்கு அனுப்புமாம், போன் கொழும்பில் இருக்கும் டாக்டருக்குச் சொல்லுமாம். உங்களுக்கு ஒட்டிய மறுநாள், "எம் புருசன்கூட இம்புட்டு ஒட்டுனதில்லடி" என்றீர்கள். மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தோம்.

தாளோடு டிஸ்பென்சரியில் தந்த போனை மட்டும் நீங்கள் மலைக்குக் கொண்டுவரவில்லை. பொலித்தீனில் சுற்றி, லயத்து வீட்டில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்து, விபூதியும் பூசினீர்கள். "மழையில நனைஞ்சா யாருடி பதில் சொல்றது? அங்கயே இருக்கட்டும், சாமி பாத்துக்குவாரு." எங்கே இருந்தாலும் அதற்குக் கேட்கும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அன்று செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "ஒண்ணுமில்ல, மூச்சு வாங்குது. நீ பறி." மேலே நின்ற கங்காணி, "உக்காந்தா கொழுந்து தானா கூடைக்கு வருமா?" என்று கத்தினார். எழுந்தீர்கள். எழுந்த வேகத்தில் விழுந்தீர்கள். கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். ரோட்டிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

உங்களுக்குத் தாள் ஒட்டிய நர்ஸ் மிஸ் பிறகு வந்து அதை வாங்கிப்போய்க் கணினியில் பார்த்தார். காலையிலிருந்தே துடிப்பு தடுமாறியிருக்கிறதாம், எல்லாம் தாளில் பதிந்திருக்கிறதாம். "தாள் நல்லா வேல செஞ்சிருக்கு. போன்தான் பக்கத்துல இல்ல" என்றார். தாள் பிழைத்தது, அக்கா.

அதே மிஸ்தான் இன்று, "இந்தப் போன இடுப்புலயே கட்டிக்குங்க" என்றார்.

"இத அக்காவுக்கு ஏன் சொல்லல?"

"சொன்னோமே."

அப்போது சிங்களத்தில் சொல்லியிருப்பார்கள், நீங்கள் போன பிறகுதான் தமிழில் சொல்கிறார்கள். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். படித்தவர்கள் பேசினால் நாம் ஆட்டத்தானே செய்வோம்.

போனைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். கங்காணி என் இடுப்பைப் பார்த்தார்.

"மலையில போன் எதுக்கு?"

"எனக்கு ஏதும் ஆனா ஒங்களுக்குத் தெரியாதுல்ல, அதுக்கு."

அவர் அடுத்த வரிசைக்கு நடந்தார்.

உங்கள் நெஞ்சு அன்று பட்ட பாடு ஒரு பிளாஸ்டிக் தாளுக்குத் தெரிந்திருக்கிறது, அடுத்த செடியில் நின்ற எனக்குத் தெரியவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் எனக்குள் கிடக்கிறது. முடிந்தால் இந்தத் தாள் அதையும் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பட்டும்.