உம் கலஃப் கேட்ட வாடகை

அன்பு நிஸ்ரினுக்கு,

பெட்ராவில் கழுதை என்னைக் கீழே தள்ளிவிட்டது. கணுக்காலில் கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். உன் முதுகுவலி குறைந்ததா? பிள்ளைகள் சுகமா?

பாறையில் குடைந்த அந்தத் தூண்களை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் வெயிலில் காயும் அவர்களின் வெறுந்தலைகளைப் பார்த்தேன். தலைத்துணி விற்க இதைவிட நல்ல இடம் கிடையாது. குகை வாசலில் தேநீர் விற்கும் உம் கலஃப்தான் என் காலுக்குக் கட்டுப் போட்டாள். அவளுடைய பக்கத்துக் குகையை வாடகைக்குக் கேட்டேன்.

"கழுதை மேலயே உக்காரத் தெரியல, கடையில உக்காரப் போறியா? பொண்டாட்டி எங்க?"

"இர்பித்ல இருக்கா."

"அவ வர்ற வரைக்கும் நீ விருந்தாளிதான். விருந்தாளிகிட்ட வாடகை வாங்குனா எங்க ஆளுங்க என் மூஞ்சில முழிப்பாங்களா?"

என் பழுப்பு ஸ்வெட்டரையும் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள நீ இடித்த ஸாத்தர் பொடியையும் கொடுத்தனுப்பு. ராத்திரியில் இந்தக் குகை குளிர்கிறது. வேண்டாம், நீயே எடுத்து வா. கடிதத்துக்காகப் பேருந்துக்காரர் காத்திருக்கிறார்.

பேசி முடித்தது இதுதான்: மாதம் பத்து தினார், நீ வந்து அவள் கையால் தேநீர் குடிக்கும் நாளிலிருந்து. நீ வராதவரை எனக்கு லாபம். இருந்தாலும் சீக்கிரம் வா.

நாயிஃப்