பங்களாப் பெரட்டு

2025 பெப்ரவரி 3, நோர்வூட்

மகள் ஷெரோமிக்கு இன்று மூன்றாவது நேர்முகம். வணிக முகாமைத்துவப் பட்டதாரி, இரண்டாம் வகுப்பு மேல்நிலை. கொழும்பு வங்கியில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து வருகிறாள் என்று தெரிந்ததும், "லயத்துல சிக்னல் கிடைக்குமா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். காப்புறுதிக்காரர்களுக்குச் சொந்தக்காரர்களின் தொலைபேசி எண்கள் வேண்டுமாம். ஆடைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளைக் கூட்டிவர ஆள் வேண்டுமாம். இதற்கா நான்கு வருடம் படித்தாள்? அருவருப்பாக இருக்கிறது.

பெப்ரவரி 19

பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கிய கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. முகாமைத்துவப் பயிலுநர் – ஆறு மாதம் தகுதிகாண் காலம். சந்தோஷப்பட வேண்டும். பட்டேனா?

மார்ச் 8

அவளுக்குக் கொடுத்த முதல் திட்டம், வெளிநாட்டு விருந்தாளிகளுக்குப் பெரட்டு – தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்பு – காட்டுவது. நம் பெண்கள் விடியக்காலையில் வரிசையில் நிற்பார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிடக் கையைத் தூக்குவார்கள். விருந்தாளிகள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே பார்ப்பார்கள். அதற்கு டிக்கட்.

"பேரு கூப்பிட உண்மையான கிளாக்கர் வேணுமாம்ப்பா. நீங்க வந்தா என்னை நிரந்தரமாக்க லேசா இருக்கும்னு பிரதாப் சேர் சொல்றாரு."

பிரதாப் அவளுடைய மேனேஜர். நான் தோட்டத்தில் செக்ரோல், அதாவது வேலை நாள் சம்பளப் பதிவு, எழுதியவன் என்பதை அவளே சொல்லியிருப்பாள். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "கோட்டு போடணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

மார்ச் 9

போட வேண்டுமாம்.

மார்ச் 15

புல்தரையில் ஆறு பெண்கள். எல்லோரும் இன்றைய மலை வேலையை விட்டு வந்தவர்கள். வெள்ளைக்காரர் ஒருவர் வீரம்மாவின் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். நான் பெயர் கூப்பிட்டேன். கொண்டுபோன கொப்பியில் கை தானாக எழுதியது. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, போட்டேன். அடியில் கையெழுத்து. பழக்கம்தான் – வேறென்ன?

படம் எடுத்து முடிந்தது. பெண்கள் அசையவில்லை.

"முடிஞ்சிருச்சு, போகலாம்" என்றார் பிரதாப்.

"எங்க போறது சேர்? கிளாக்கரு பேரு போட்டுட்டாரு. இனி அந்திவரைக்கும் இங்கதான். என்ன வேலைன்னு சொல்லுங்க" என்றாள் வீரம்மா.

"அது சும்மா நடிப்பும்மா. அதுக்குத்தான் சாப்பாடு குடுத்தோமே."

"எங்களுக்கு நடிக்கத் தெரியாதுங்க. கூப்பிட்டாரு, வந்து நின்னோம். கோட்டு போட்ட கிளாக்கரு பொய்க்கா எழுதுவாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். விருந்தாளிகளும் ஏனென்று தெரியாமல் சிரித்தார்கள்.

பிரதாப் கொப்பியைக் கேட்டார். அந்தத் தாளைக் கிழிக்க வேண்டுமாம். நான் கொடுக்கவுமில்லை, மாட்டேன் என்று சொல்லவுமில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சீ, என்ன மனுஷன் நான்.

"கூப்பிட்டது நாங்க சேர். ஒரு நாள் சம்பளம் குடுத்துருவோம்" என்றாள் ஷெரோமி.

"பிசினஸ் படிச்ச பிள்ளை மாதிரி பேசுங்க."

"அப்படித்தான் பேசுறேன். வேலை வாங்கினா சம்பளம்."

பிரதாப் உள்ளே போய்விட்டார்.

மார்ச் 16

தாளைக் கிழித்துக் கொடுத்திருந்தால் அவள் வேலைக்கு ஆபத்து வராதோ?

மார்ச் 22

ஷெரோமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "நிறுவனத்தின் பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை" என்று மின்னஞ்சல். பண்பாடாம். கூடையை மாட்டிவிட்டுப் பல்லைக் காட்டச் சொல்வதற்குப் பெயர் பண்பாடு. தூ.

பெண்களுக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 2

ஹட்டன் தொழில் அலுவலகம். ஆறு பேரும் வந்தார்கள், ஷெரோமியும் வந்தாள். "எனக்குத்தான் இப்ப லீவு எடுக்கத் தேவையில்லையே" என்று பஸ்ஸில் சொல்லிச் சிரித்தாள். சம்பளம் கொடுக்காதது பற்றிய முறைப்பாட்டை அவள்தான் எழுதினாள். பக்கத்து வாங்கில் இருந்த பொகவந்தலாவைப் பெண்ணொருத்தி, "எனக்கும் ஒண்ணு எழுதித் தாறீங்களா மிஸ்?" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தாள்.

நான் கோட்டு போட்டுக்கொண்டு போயிருந்தேன். போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அதிகாரி கொப்பியைப் புரட்டிவிட்டு, இது யாருடைய எழுத்து என்று சிங்களத்தில் கேட்டார்.

என்னுடையது என்றேன். அவருக்குக் கேட்கவில்லை போலும்.

இன்னொரு தடவை சொன்னேன்.