நுரையைப் பற்றித் தம்பிக்கு

அன்புள்ள செமிசிக்கு,

அக்கா லுசியானே எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க மனம் வரவில்லை. இதைத் தொலைபேசியில் சொல்லவும் என்னால் ஆகாது. நம் தீவு வழக்கத்தில் அக்காவும் தம்பியும் உடம்பு விஷயம் பேசக்கூடாதே; கூடப்பிறந்தவனிடம் சிறுநீரைப் பற்றிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. உனக்கும் கேட்டுப் பழக்கமில்லை. கூச்சப்படாமல் முழுவதும் படி.

ஐந்து மாதமாக அம்மாவுக்குச் சிறுநீர் நுரைத்துப் போகிறது. "கக்கூஸ் கழுவின சோப்பு மிச்சம்டி" என்று சிரிக்கிறாள். கால்கள் வீங்கிவிட்டன. சித்தி மகன் கலாஃபியின் கிளினிக்குக்கு நான்கு முறை அழைத்துப் போனேன். அவனும் நம் முறைப்படி எனக்குத் தம்பிதானே. அவன் எதிரில் நுரை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அம்மாவும் வாய் திறக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. "பெரியம்மாவுக்கு எழுபத்தாறு ஆச்சுக்கா. கிட்னிக்கு மட்டும் இருபது வயசா இருக்கும்?" என்று சொல்லி, நீர் பிரிவதற்கு மாத்திரை கொடுத்தான். மூன்று முறை சோதித்தும் சர்க்கரை இல்லை. ஆனாலும் சீட்டில் சர்க்கரை நோய் என்றே எழுதியிருக்கிறான்.

இருபத்துமூன்று வருடமாக வேதியியல் கற்பிக்கிறவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என் வெட்கக்கேடு. ஆனால் கேட்பது அவன் தொழில். ஒரு நர்ஸை விட்டுக் கேட்டிருக்கலாமே!

போன மாதம் அவன் சபை மாநாட்டுக்குப் போனபோது மேலே என்ற பெயருடைய பெண் டாக்டர் அவன் இடத்தில் இருந்தார். நாங்கள் போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் "நுரை வருதாம்மா?" என்று கேட்டார். அன்றே அம்மாவின் ரத்தத்தை நீ இருக்கும் ஆக்லாந்துக்கு அனுப்பினார். உடம்பு தன் சிறுநீரகத்தின் வடிகட்டியையே தாக்குவதற்கு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை. அது இருந்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிடும். அம்மாவின் நிலையில், இந்த வயதில் முதுகில் ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டியதில்லை என்றார். நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து இரண்டு கட்டுரைகளைத் தேடிப் படித்த பிறகே நம்பினேன்.

முடிவு வந்துவிட்டது. இருக்கிறது, நிறையவே இருக்கிறது. முதுமை இல்லை, சர்க்கரை இல்லை. மருந்துள்ள நோய். கலாஃபியிடம் தாளைக் காட்டினேன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லலியேக்கா" என்றான். அன்று அவனை அறையாமல் திரும்பினேன் என்றால் அது அம்மா வளர்த்த வளர்ப்பு.

அந்த மருந்து இங்கே இல்லை. சிறுநீரகம் ஓய்ந்துபோனால் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரமும் நம் தீவில் இல்லை. ஆக்லாந்து நிபுணர் வரச் சொல்லிவிட்டார். அம்மாவை உன் வீட்டில் வைத்துக்கொள்வதாக நீ கையெழுத்திட வேண்டிய படிவம் உன்னிடம் பதினாறு நாளாகக் கிடக்கிறது. "வயசானவங்கள ஏன் குத்திக்கிட்டே இருக்கே, ஜெபம் பண்ணு" என்கிறாய். கலாஃபியாவது மருத்துவம் என்று நினைத்துச் செய்தான்.

அம்மா உன் பிள்ளைகளுக்குப் பாய் முடைந்து பெட்டியில் வைத்துவிட்டாள். எந்தச் செருப்பும் காலில் ஏறவில்லை. விமான நிலையத்தில் வெறுங்காலோடு வந்து நிற்பாள். அந்தக் காலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, தம்பி. ஆண்டவர் உன் வீட்டில் அவளுக்கு ஓர் அறையைத் திறக்கட்டும்.

உன் அக்கா,
லுசியானே