நெருப்புக்காரிக்குக் கிளவுஸ் இல்லை

கள்ளிக்குப்பம்,
அம்பத்தூர்.
11-2-1995

அன்பு மகள் லோகநாயகிக்கு அம்மா எழுதுவது.

நீ பதிவுத் தபாலில் அனுப்பிய கட்டு வியாழக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது, உள்ளே உன் படக்கதையின் முதல் புத்தகமும் உன் முதலாளி கையெழுத்துக் கேட்கிற ஒப்பந்தத்தின் நகலும் இருந்தன, இரண்டையும் படித்தேன், இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி மற்றது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம், அவருக்கு முட்டி வலி பரவாயில்லை, அண்ணனூர் ரயில் ஷெட்டுக்கு வழக்கம்போல் போய் வருகிறார். பம்பாயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், காய்ச்சின தண்ணீர் குடிக்கிறாய் என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், நீ அதைப் பற்றி எழுதுவதே இல்லை. மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போய்விடும் என்று எழுதியிருக்கிறாய், போடட்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்டதற்குப் பதில்தான் இந்தக் கடிதம், நீளமாக இருக்கும், பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே.

இங்கிலீஷ் வசனங்களுக்குக் கீழே நீ பென்சிலில் தமிழில் எழுதி அனுப்பியதால் கதை புரிந்தது. ஜ்வலந்தியாம். பேரைச் சொல்லவே ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். ரசாயனக் கம்பெனியில் டைப் அடிக்கிறவள், பாய்லர் வெடித்துக் கை வெந்துபோய் அன்றிலிருந்து உள்ளங்கையில் நெருப்பு வருகிறதாம், பறக்கவும் ரயிலைத் தூக்கவும் பலமும் வந்துவிட்டதாம். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மேனேஜரிடம் திட்டு வாங்குகிறாள், ஐந்தரைக்கு ஆபீஸ் விட்டதும் ஊரைக் காப்பாற்றக் கிளம்புகிறாள். மேனேஜரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாளாம், பேசினால் ரகசியம் வெளியே தெரிந்துவிடுமாம். ரயிலையே தூக்குகிறவளுக்குச் சம்பளம் கூட்டிக் கேட்கத் துப்பில்லை என்றால் அந்தப் பலத்தை என்ன செய்வது, உப்புப் போட்டு ஊற வைப்பதா? பொம்பளைக்குப் பலம் இருந்தால் அதைத் திருட்டுச் சரக்கு மாதிரி ஒளித்து வைக்க வேண்டும் என்று யார் வைத்த சட்டம்? ஆம்பளை வீரர்களும் அப்படித்தான் ஆளை மறைத்துக்கொள்கிறார்கள் என்று போன கடிதத்தில் வாதாடியிருந்தாய். இருக்கட்டும். அவர்கள் வேஷத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு ஆக்கி வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். உன் ஆள் பன்னிரண்டாம் பக்கத்தில் ரயிலைத் தூக்கி வைத்துவிட்டு பதிமூன்றாம் பக்கத்தில் அண்ணன் குடும்பத்துக்கு டீ போடுகிறாள். கையிலேயே நெருப்பு இருப்பதால் அண்ணனுக்கு கேஸ் மிச்சம், அவ்வளவுதான் அந்தச் சக்தியால் நான் பார்த்த லாபம்.

புத்தகத்தை நம் தையல் கொட்டகைக்குக் கொண்டுபோய் நம் பெண்களிடமும் காட்டினேன். எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். முனியம்மா மெஷினை நிறுத்திவிட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, நெருப்புக்குள்ள பூந்துகினு கீறா, கையில ஒரு கிளவுஸ் கூட இல்ல, குளிக்கப் போறவ மாரி கீறா" என்றாள். பார்வதம், "அவளுக்கு இன்னாடி, துணி கொஞ்சமாத் தைச்சா கூலியும் கொஞ்சமாக் குடுத்தா போதும்ல" என்றாள், கொட்டகை முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. பதினைந்து வருஷமாக இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கிற கம்பெனிகளுக்கு கிளவுஸும் ஏப்ரனும் தைத்துக் கொடுத்து உன்னைப் படிக்க வைத்தவள் நான். ஒரு சாதாரண வெல்டருக்கே முழங்கை வரை தோல், கழுத்து வரை ஏப்ரன், காலுக்கு மேல் உறை. இவள் எண்ணெய்க் கிடங்கு பற்றி எரியும்போது தொடை தெரிய உள்ளே போகிறாள், தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு. முதல் பொறியிலேயே முடி பொசுங்கிவிடும். கூட வருகிற நாலு வீரர்களுக்கும் கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடுப்பு, பூட்ஸ். நாலு ஆம்பளைக்கு நடுவில் ஒரு பொம்பளை, அவளுக்கு மட்டும் துணிப் பஞ்சம். நம் பொன்னியம்மனைப் பார், எட்டுக் கை, எட்டுக்கும் வேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை முழுப் புடவை மாற்றுகிறோம். உன் ஆளுக்கு இருப்பதே இரண்டு கை, அதில் ஒன்று எப்போது பார்த்தாலும் இடுப்பில். தீ அணைக்கிறவள் எதற்கு இடுப்பில் கை வைக்கிறாள்? பார்க்கிறவனுக்காக வைக்கிறாள். சண்டையே பார்க்கிறவனுக்காகத்தான் போடுகிறாள். அதை வீரம் என்று அட்டையில் அச்சடித்து ஏழு ரூபாய்க்கு விற்கிறான் உன் முதலாளி. உன் நைனா மட்டும் ரயிலில் படித்துக்கொண்டே போய், இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் ஆவடி வரை போய்த் திரும்பி வந்து, "பறக்கறது ஷோக்காத்தான் வரைஞ்சிகீறா வேம்பு" என்றார். அவர் பேச்சைக் கணக்கில் வைத்துக்கொள்ளாதே, நீ சுவரில் கிறுக்கின காலத்திலும் அவர் இதையேதான் சொன்னார்.

இதெல்லாம் கூடப் பெரிதில்லை. "அம்மா, உன் கையை நினைத்துத்தான் இவளை வரைந்தேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. என் கையைப் பற்றி உனக்கு ஏழெட்டு வயதுப் பிள்ளையின் ஞாபகம்தான், ஆகையால் நடந்ததைச் சொல்கிறேன். எழுபத்தொன்பதில் வார்ப்படக் கம்பெனியில் ஹெல்பர் வேலை பார்த்தேன். ஆம்பளைகளுக்கு கிளவுஸ் கொடுத்தார்கள். எங்களுக்குக் கிடையாது, பொம்பளைகள் சூட்டுப் பக்கம் போவதில்லை என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள், போகச் சொன்னது என்னவோ அவர்கள்தான். கேட்டு அடம் பிடித்து வாங்கிய ஒரு ஜோடியும் ஆம்பளை அளவு, விரல் நுனியில் ஒரு அங்குலம் சும்மா தொங்கியது, அது மடங்கித்தான் பிடி நழுவியது, கிளவுஸ் கழன்று, காய்ந்த இரும்பு உள்ளங்கையில் உட்கார்ந்தது. எனக்கு எந்தச் சக்தியும் வரவில்லை லோகு. கொப்புளம் வந்தது, சீழ் வந்தது, பதினோரு நாள் கூலி போனது. பன்னிரண்டாம் நாள் கிழிந்த கான்வாஸ் வாங்கி இடது கையாலேயே என் அளவுக்கு ஒரு கிளவுஸ் வெட்டித் தைத்தேன், மூன்று தரம் கெட்டுப்போய் நாலாவது சரியாக வந்தது. பக்கத்தில் வேலை செய்தவள் கேட்டாள், அவளுக்குத் தைத்தேன், அப்புறம் இன்னொருத்தி. நம் கடை அப்படித்தான் வந்தது. உன் கதையில் வெந்த கைதான் பெருமை, தைத்த கையைக் காணோம். பலம் என்றால் மேலேயிருந்து விழ வேண்டும், இல்லை வெடிக்க வேண்டும், பொம்பளை தானாக உட்கார்ந்து மூன்று தரம் கெடுத்துக் கற்றுக்கொண்டாள் என்று சொன்னால் உங்களுக்கெல்லாம் கசக்கிறது. அதைவிட மோசம், ஊரில் இருக்கிற மற்றப் பொம்பளைகள் அத்தனை பேரும் உன் புத்தகத்தில் கத்துவதற்கு மட்டும்தான் வருகிறார்கள். ஒருத்தி பறக்க வேண்டுமென்றால் மிச்சப் பேர் கீழே நின்று அலற வேண்டும் என்றால் அந்தப் பறத்தல் எனக்கு வேண்டாம். அவள் ரயிலைத் தூக்கிவிட்டுப் போய்விடுவாள், மறுநாள் லேடீஸ் பெட்டியில் ஏறி உரசுகிறவனை யார் கேட்பது? முனியம்மாதான் கேட்பாள், செருப்பைக் கழற்றிக்கொண்டு.

இப்போது ஒப்பந்தம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பர்ச்சேஸ் ஆர்டர் இங்கிலீஷ்தான், ஆகையால் கிளவுஸ் மாதிரி பார்க்க வந்த உலகநாதன் சாரை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன், எஸ்டேட்டில் சேஃப்டி ஆபீசராக இருக்கிறாரே, உன் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு ஸ்வீட் வாங்கி வந்தவர். அவர் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். ஜ்வலந்தி என்றைக்கும் கம்பெனிக்குச் சொந்தம். உடுப்பை, கதையை எப்படி வேண்டுமானாலும் மாற்றுவார்கள். உன் பேர் எங்கேயும் வராது. இதற்கு உனக்கு ஒரே தரமாக நாலாயிரம். கூடச் செருகியிருந்த தாளில் ஆறாவது புத்தகத்தின் கதையும் இருந்தது, அவளுக்குக் கல்யாணம், தாலி ஏறியதும் கை நெருப்பு அணைந்துவிடுகிறது. உலகநாதன் சாரே, "இன்னாம்மா இது, ஃபயர் எக்ஸ்டிங்குஷர் கம்பெனிக்கு மருமகளாப் போறாளா" என்றார். நீ இதை எனக்கு எழுதவே இல்லை. எழுத வெட்கமாக இருந்திருக்கும், அந்த வெட்கம் நல்லது, அதை வைத்துக்கொள்.

நம் கொட்டகையில் ஒரு வழக்கம் உனக்குத் தெரியும், மணிக்கட்டுத் தையலுக்கு உள்ளே ஒவ்வொருத்தியும் தன் கலர் நூலில் ஒரு முடிச்சுப் போடுவாள், முனியம்மாவுக்குச் சிவப்பு, பார்வதத்துக்குப் பச்சை. பிரிந்து வந்தால் யார் தைத்தது என்று தெரியும், நன்றாக உழைத்தாலும் யார் தைத்தது என்று தெரியும். ஒரு கம்பெனியில் அந்த முடிச்சு அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார்கள், ஆர்டரே வேண்டாம் என்று வந்துவிட்டேன். உன் நூல் எங்கே லோகு? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். இல்லை. அந்தக் கோபத்தில்தான் மேல் பரணில் இருக்கிற பழைய பில் புத்தகங்களை இறக்கினேன். எண்பத்தெட்டு ஜூன் மாதத்து டெலிவரி சலான் ஒன்றின் பின்பக்கம் இந்த ஜ்வலந்தி இருக்கிறாள். நீ பதினேழு வயதில் வரைந்தது, கீழே உன் கையெழுத்து, முன்பக்கம் தேதி, கம்பெனி சீல் எல்லாம் இருக்கிறது. இந்த வேலைக்கு நீ போவதற்கு ஐந்து வருஷம் முன்னால். அவனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு நீ இவளை உண்டாக்கவில்லை, என் காகிதத்தில் உண்டாக்கியிருக்கிறாய். இன்னொன்றும் பார்த்தேன். அந்தப் படத்தில் அவள் பறக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையை முடிந்துகொண்டு, முழங்கை வரை கிளவுஸ் போட்டு உலை முன்னால் நிற்கிறாள். பின்னால் இன்னும் இரண்டு பொம்பளைகள், அவர்கள் கையிலும் கிளவுஸ். பதினேழு வயதில் ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறாய், பம்பாய் போய்க் கெடுத்துக்கொண்டாய்.

ஆகையால் கையெழுத்துப் போடாதே. அந்தச் சலானின் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், உன் முதலாளி மேஜையில் வைத்து, இது முன்னாலேயே எனக்குச் சொந்தம், பேர் போட்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசுவதானால் பேசலாம் என்று சொல். அழாதே, சத்தம் போடாதே, சொல்லிவிட்டுச் சும்மா இரு, அப்புறம் முதலில் பேசுகிறவன்தான் இறங்கி வருவான். வேலை போனால் போகட்டும், மூன்று மாத வாடகை அனுப்புகிறேன், நாலாவது மாதம் அனுப்ப மாட்டேன், அதற்குள் வேறு பார்த்துக்கொள். திரும்பி வா என்று நான் சொல்லவில்லை. அசல் சலானை நான் தர மாட்டேன், அது பீரோவில் இருக்கிறது. நாலாயிரத்துக்கு என் உள்ளங்கையை ஒருத்தனுக்கு எழுதிக் கொடுத்து, அவன் அதற்குத் தாலி கட்டி அணைப்பான் என்றால், அதற்கு நான் அன்றைக்கே அந்த ஆம்பளை கிளவுஸோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பொன்னியம்மன் உன் கைக்குத் துணையாக இருக்கட்டும், நைனா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ணுக்கு நல்லது.

இப்படிக்கு, உன் அம்மா,
க. வேம்புலியம்மாள்

பி.கு.: சொல்ல மறந்தேன். சலான் படத்தைப் பார்த்த உலகநாதன் சார் மார்ச் நாலாம் தேதி பாதுகாப்பு வாரத்துக்கு அவளையே போஸ்டராகப் போட வேண்டும் என்கிறார், நீ சம்மதித்தால் மட்டும். பேசி வைத்திருப்பது: ஐந்நூறு போஸ்டர், அச்சுக் கூலி அவர்களுடையது, படத்துக்கு உனக்கு ஆயிரத்து ஐந்நூறு, இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும், படம் உன்னுடையதே. முழங்கை வரை கிளவுஸ், கழுத்து வரை ஏப்ரன், முடிந்த தலை, பின்னால் அந்த இரண்டு பொம்பளைகளும் கட்டாயம். கீழே உன் முழுப் பேர், தமிழில், சிவப்பு மையில். முகம் கொஞ்சம் சிரித்தாற்போல் இருக்கட்டுமே என்று கேட்டார், உலை முன்னால் எந்த ஆம்பளையைச் சிரிக்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன், அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்: சிரிப்பு கிடையாது.