வளையத்தடியில் உயர்ந்த கை

ராஜேந்திரன் அண்ணனின் ஹார்ட்வேர் கடைக்குள் கால் வைத்ததுமே வார்னிஷ் நாற்றம் மூக்கில் ஏறியது. கௌரவப் பலகையைப் புதுப்பித்துச் சுவரில் சாய்த்துக் காயவைத்திருந்தார். நாற்றத்தோடு உன் நினைவும் வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. நீ செத்து எட்டு மாதமாகியும் என்னை நிம்மதியாக விடமாட்டேன் என்கிறாயே.

அந்தப் பலகைக்காக நாம் எத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டோம்! ஆட்டத்தை விட்டுவிட்ட பழைய கூடைப்பந்துக்காரர்களில் வருஷத்துக்கு ஒருவர் பெயரை ஏற்ற, தலவாக்கலையில் இந்தக் கடையின் பின்னறையில் ஐந்து பேர் கூடுவோம். பேசப்படுகிறவரைத் தவிர மற்ற எல்லோரும் கை தூக்கினால்தான் பெயர் ஏறும். வட்டகொடைக்காரி ஒருத்தி ஒரே பருவத்தில் பந்தாகப் போட்டுத் தள்ளினாள் என்று நான் சொன்னால், பத்து வருஷம் தடுத்தே ஆடியவளைக் கொண்டுவந்து நீ நிறுத்துவாய். பிளேன்டீ ஆறிப்போகும், ரோல்ஸ் விறைத்துப்போகும், நீ மட்டும் அசையமாட்டாய். "எத்தன போட்டான்னு கேக்காத, எப்பிடி போட்டான்னு கேளு" என்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். என் பெயர் வந்தபோதெல்லாம் நீ செய்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஹட்டன் அணியோடு ஆடிய அந்த இறுதி ஆட்டம். தலவாக்கலை மைதானத்தில் பனி இறங்கினால் பாதிக் கோட்டிலிருந்து வளையம் தெரியாது. அதற்கென்று நமக்கொரு வழக்கம் இருந்தது. வளையத்தடியில் நிற்கிறவள் எந்த அணியாக இருந்தாலும், பந்து உள்ளே விழுந்தால் கையைத் தூக்க வேண்டும். அந்தக் கையைப் பார்த்துத்தான் நடுவர் விசில் ஊதுவார். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். கடைசி நொடியில் நான் தூரத்திலிருந்து எறிந்தேன். பந்து பனிக்குள் போனது. உன் கை மட்டும் மேலே தெரிந்தது, விசில் அடித்தது, கோப்பை நமக்கு. தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் தொண்டை கட்டும்வரை கத்தினோம், நீயுந்தான்.

என் பெயர் முதல் தடவை வந்த அன்று மற்ற மூவரும் கை தூக்கினார்கள், நீ தூக்கவில்லை. வெளியே வந்ததும் சண்டைக்குப் போனேன். நீ குடையை விரித்துக்கொண்டே சொன்னாய்: "அன்னிக்கு நான் கை தூக்குனது பந்தப் புடிக்கத்தான்டி. அது வளையத்துல பட்டு வெளிய வந்துச்சு."

அந்தப் படுபாவிக் கையை அன்றைக்கே இறக்கியிருக்கக் கூடாதா? விசில் அடித்ததும் பயந்து போய் நின்றுவிட்டாயாம். பிறகு கோப்பையைப் பார்த்ததும் வாய் வரவில்லையாம். சரி, கோப்பைக்கு மூடிய வாய் எனக்காக மூடினால் என்ன என்று கேட்டேன். குடையை மடக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் "எனக்குச் சம்மதமில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாய். காரணம் சொல்லி என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. உனக்கு என்மேல் பொறாமை என்று ஊரே பேசியது. உன் காதுபடவே பேசினார்கள். நான் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அவர்கள் அப்படி நினைத்தது எனக்கு வசதியாக இருந்தது.

இந்த ஞாயிறு மறுபடியும் கூடினோம், மறுபடியும் என் பெயர் வந்தது. தடுக்க இப்போது நீ இல்லை. ராஜேந்திரன் அண்ணன் கணக்காக மூன்று கைகளையும் பார்த்துவிட்டு, பெயின்ட்காரனைக் கூப்பிடப் போனை எடுத்தார். "அவ இருந்தவரைக்கும் விடல, பாவம், பொறாமை புடிச்ச மனசு" என்றார்.

உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருந்து தொலைத்திருந்தால் நீயே தடுத்திருப்பாயே! எழுந்து நின்றேன். பந்து உள்ளே போகவில்லை என்றேன். அந்தக் கையைப் பற்றியும் சொன்னேன்.

அண்ணன் போனைக் கீழே வைத்தார். "இத்தன வருசமா அந்தப் புள்ளய என்னென்னவோ பேசுனோம். நீங்க ஏம்மா சொல்லல?" என்றார்.

"பேரு ஏறணும்னு ஆசைங்க" என்றேன்.

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பலகைக்கு உன் பெயரைச் சொல்லலாமா என்று நாக்கு வரை வந்தது. கோப்பையோடு பஸ்ஸில் கத்தியவள்தானே நீயும் என்று விழுங்கிக்கொண்டேன். சொல்லியிருந்தால் அங்கேயும் வந்து சம்மதமில்லை என்பாய்.

திரும்பும்போது மைதானத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. வளையம் தெரியவில்லை. நான் எறிந்த பந்தெல்லாம் மறந்துபோச்சு. பனிக்கு மேலே உயர்ந்த உன் கை மட்டும் போகமாட்டேன் என்கிறது. பலகையில் இந்த வருஷத்து வரி காலியாகத்தான் இருக்கிறது. உன்னைப் பொறாமைக்காரி என்று இனி ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

இப்போ சந்தோஷமாடி?